வேறு வகுப்பு

"ஒரே ஒருத்தியோட மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கிறது குழந்தைக்கு நல்லதில்ல. எல்லாரோடயும் பழகணும். அதான் உங்க பொண்ணை வேற வகுப்புக்கு மாத்தினேன்," என்றார் தலைமை ஆசிரியை.

"மூணு நாளா அவ சரியா சாப்பிடல, மேடம். அந்தப் பொண்ணு பக்கத்துல இல்லன்னா பள்ளிக்கூடமே வேண்டாங்கிறா."

"போகப் போகப் பழகிடும்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பேர் ஜோடி ஜோடியாத்தான் திரியுறாங்க. என் பொண்ணை மட்டும் ஏன் பிரிச்சீங்க?"

தலைமை ஆசிரியை எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆறாம் வகுப்புல உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான். ஒருநாள் திடீர்னு வேற பெஞ்சுக்குப் போயிட்டே. என்கூட யாரும் பேசக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சே. அந்த வருஷம் முழுக்க நான் தனியா உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். நீ ஏன் அப்படிப் பண்ணினே? இன்னிக்காவது சொல்லு."

அந்தத் தாய் அவர் முகத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். எனக்கு உங்களைச் சுத்தமா ஞாபகம் இல்ல."

ஒரு மாதம் கழித்துச் சிறுமியைப் பழைய வகுப்புக்கே அனுப்பிவிடலாம் என்றுதான் தலைமை ஆசிரியை நினைத்திருந்தார். இப்போது மாற்றல் உத்தரவை எடுத்து, 'பள்ளிப் படிப்பு முடியும்வரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.