நடுவில் நிற்காத புள்ளி

"குட்டி இருமினா வாயை மெதுவா பொத்திடு. சத்தம் வெளிய வரக்கூடாது," என்றான் கணவன்.

பெற்றவன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் குரல் அப்படி நடுங்கியது. கிடங்கில் பதினாறு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன், அதை மூடியதிலிருந்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். முப்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் நேர்காணல் வரைக்கும் வந்தது இது ஒன்றுதான். அதையும் கணினிதான் நடத்தும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள்.

"முன்னெல்லாம் மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தாலே வேலை உண்டா இல்லையான்னு தெரிஞ்சிடும். இதுக்கு மூஞ்சியே இல்லையே. நான் எதைப் பார்த்துப் பேசுறது?"

"பயப்படாதீங்க. நீங்க செஞ்ச வேலையைப் பத்தித்தானே கேட்கப் போகுது."

பின்னால் சுவர் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அவனை உட்கார வைத்தவள் அவள்தான். படுக்கையறைக் கதவு அவனுக்கு இடது கைப்பக்கமாக வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் போனை எடுத்தாள். இவன் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறானே என்று, போனிலேயே செய்கிற மாதிரி அவள் பிடித்துக்கொண்ட வேலை ஒன்று இருந்தது. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அடுத்த நாளிலிருந்து வேலை கிடையாது.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். நடுவில் நின்றால் விட்டுவிட வேண்டும். ஐந்து முறைக்கு மேல் ஓரத்துக்கு ஓடினால் 'தள்ளு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ விளையாட்டைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

வெளியே அவன் பேச ஆரம்பித்தது முணுமுணுப்பாகக் கேட்டது.

குட்டி இருமியது. அவள் பதறிப்போய்ப் பொத்தினாள். கண் மட்டும் போனில் இருந்தது. புதிதாக வந்த புள்ளி இடது ஓரத்துக்கு ஓடிவிட்டுத் திரும்பியது.

காலையிலிருந்து பார்த்த புள்ளிகள் எல்லாம் சமர்த்தாக நின்றன. இது மட்டும் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி முட்டி மோதியது. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே முதுகைத் தடவினாள். 'கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, அப்பாவுக்கு வேலை கிடைச்சிடும்' என்று காதோடு சொன்னாள்.

திடீரென்று குட்டிக்கு மூச்சு முட்டியது. முகம் சிவந்து, விரல்களை மீறிக்கொண்டு இருமல் வெடித்தது. கையை எடுத்துவிட்டுக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். போன் அதிர்ந்தது. நிமிடம் முடியப் போகிறது என்ற எச்சரிக்கை. புள்ளி ஆறாவது தடவையாக இடது ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவள் 'தள்ளு'வை அழுத்தினாள்.

வெளியே பேச்சு நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவன், முதலில் குழந்தையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"ஏங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"பாதியிலயே நிறுத்திட்டாங்க. என் கண்ணு அடிக்கடி இடது பக்கமா போகுதாம், எதையோ பார்த்துப் படிக்கிறேனாம். இவளுக்கு என்ன ஆச்சோன்னு நான் இந்தக் கதவைத்தானே பார்த்தேன்."

அவள் கையிலிருந்த போனில், 'சரியாகக் கண்டுபிடித்தீர்கள், நன்றி' என்ற வரி வந்து மறைந்தது. அடுத்த புள்ளி நடுவில் வந்து நின்றது.