கூடத்தின் வழியே ஒரு தெரு

2061 நவம்பர் 9, புதன்கிழமை, காலை பத்தே கால் மணி, விட்டுவிட்டுத் தூறல். நகரமைப்பு அலுவலகத்தில் அறுபது வயதுத் தர்ஷினிக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக் கூடத்துக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவர் கோகுலைப் பதினொரு மணிக்குள் புரட்டிப் படுக்கவைத்தாக வேண்டும்.

மக்கள் மிகுதியாக நடக்கும் தடமே தெரு என்பது அந்நகரின் விதி. புதிய வரைபடத்தில், வாசலிலிருந்து கொல்லைக் கதவுவரை, அவள் வீட்டின் ஊடே ஒரு தெரு வரையப்பட்டிருந்தது. அதை நீக்கக் கோரி மேல்முறையீடு செய்திருந்தாள்.

"நடக்காம உட்காருங்கம்மா. இங்கயும் தெரு போட்டுடப் போறாங்க," என்றான் இளம் அதிகாரி நிலன்.

"கேலி பண்ணாதீங்க தம்பி. மழைக்கு நாலு பேரு எங்க வீட்டுக்குள்ள புகுந்து ஸ்டேஷனுக்குப் போனாங்க. வேணாம்னா சொல்ல முடியும்? இப்பக் கொல்லைக் கதவைப் பூட்டிட்டேன். இனி யாரும் வரமாட்டாங்க."

நிலன் திரையைப் பார்த்தான்.

"ஆறு மாசத்துல அவங்க நடந்தது நூத்திப் பன்னெண்டு தடவைதாம்மா. மிச்சம் பதினோராயிரமும் ஒரே ஆளோட நடை. கூடத்துக்கும் அடுப்படிக்கும்."

தர்ஷினி திரையை எட்டிப் பார்த்தாள்.

"கஞ்சி, வெந்நீர், மாத்திரை... அவர் கூப்பிட்டா போகாம இருக்கவா?"

"யார் நடந்தாலும் நடைதாம்மா. எதுக்குன்னு விதி கேக்கறதில்ல."

கையொப்பமிட்ட ஆணையை அவளிடம் நீட்டினான். தெரு உறுதி செய்யப்பட்டிருந்தது. போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள கட்டிலை, அதன்மேல் உள்ளவற்றுடன், ஏழு நாள்களுக்குள் அகற்ற வேண்டும்.