சுப்புராஜ் பெயரில்

“இன்னிக்காவது உன் பேரைச் சொல்லிடும்மா. எத்தனை நாளைக்குத்தான் உன் வேலைக்கு என் பேர் இருக்கறது? எனக்கே மனசு உறுத்துது” என்றார் சுப்புராஜ். சொன்னதோடு நிற்காமல், கேன்டீனிலிருந்து தன் கையாலேயே டீ வாங்கி வந்து நீட்டினார்.

சங்கமித்ரா தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டாள். வியாசர்பாடியிலிருந்து இந்த விம்கோ நகர் கம்பெனிக்கு வர ஆரம்பித்து மூன்று வருடம். டிசைன் மேலாளர் இப்படிக் குழைந்து பேசி அவள் கேட்டதில்லை.

துறைமுகத்தில் இரும்புத் தகடுகளைக் கவ்வித் தூக்கும் கிளாம்ப் செய்கிற கம்பெனி அது. அரை டன்னிலிருந்து முப்பது டன் வரை நாற்பத்தெட்டு அளவு. முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் விட்டுப்போகும். சங்கமித்ராதான் எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் மாடலுக்குள் கொண்டுவந்தாள். எத்தனை டன் என்று மாற்றினால் போதும். தாடை, துளை, அதில் செருகும் பின் எல்லாம் தானாக அந்த அளவுக்கு மாறிக்கொள்ளும்.

மாடல் இருந்தது ‘வால்ட்’ என்று எல்லோரும் சொல்கிற பொதுச் சேமிப்பில். ஃபைலை யார் எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்பதெல்லாம் பெயரோடும் நேரத்தோடும் அதில் பதிவாகிவிடும். ஆனால் நிரந்தர ஊழியர்கள்தான் உள்ளே போக முடியும்.

டிசைனுக்குப் புது ஆள் எடுக்க அனுமதி இல்லை என்று, சங்கமித்ராவைக் காண்ட்ராக்ட்காரர் மூலம் துப்புரவுப் பணியாளர் கணக்கில் சேர்த்திருந்தார் சுப்புராஜ். டிப்ளமோ படித்தவள் அதை வீட்டில் சொன்னதில்லை. அவர் பெயர், அவர் பாஸ்வேர்ட், அவள் வேலை. போன வருடம் அந்த மாடலுக்காக மேடையில் சால்வை வாங்கியவரும் அவர்தான். அவள் கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள்.

“உள்ள இன்னா சார் கேப்பாங்கோ?”

“மாடலை நீதான் செஞ்சியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லு.” சுப்புராஜ் குரலைத் தணித்தார். “போன மாசத் திருத்தமும் நீ செஞ்சதுதான்னு சொல்லிடு.”

டம்ளர் அவள் கையிலேயே நின்றது.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர், இரண்டு டன் கிளாம்பில் மட்டும் பின்னைக் கொஞ்சம் ஒல்லியாக்கச் சொன்னார். சங்கமித்ரா சாப்பிடப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது அவள் சீட்டிலிருந்து எழுந்த சுப்புராஜ், “சின்ன வேலைதான், நானே முடிச்சு வால்ட்ல வெச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்குமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் என்று அமுக்கியிருக்கிறார். இருபது டன் கிளாம்புக்கு இரண்டு டன் பின் போனது. போன திங்கட்கிழமை சோதனையில் அது ஒடிந்து, தகடு சோதனைத் தொழிலாளி ஜோவின் மேல் விழுந்தது. கல்மண்டபத்து ஜோ, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“அன்னிக்கி என் சீட்ல குந்தினு இருந்தது நீங்கதான சார்?”

“யார் பாத்தா? ரெண்டு பேர் செஞ்சாலும் வால்ட்ல ஒரே பேர்தான் வரும்.” சுப்புராஜ் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்மா. நீ காண்ட்ராக்ட்டு, உனக்கு என்ன போச்சு? ஒரு ஆறு மாசம் வெளிய இரு. அப்புறம் நானே கூப்பிட்டு, உன் பேர்லயே பாஸ்வேர்ட் வாங்கித் தரேன்.”

“ஜோ அண்ணனுக்கு இன்னா சார் வாங்கித் தருவீங்கோ?”

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்தவர் தேவப்பிரியம் என்ற பெரியவர். அவர் எதிரே பெரிய திரையில் அவளுடைய கிளாம்ப். அவர் முப்பது என்று அடித்தார். அது பருத்து நிமிர்ந்தது. ஒன்று என்று அடித்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலச் சுருங்கியது.

“முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இவ்ளோ சுத்தமா ஒரு மாடலை நான் பாத்ததில்ல” என்றார். “பதிவுல எல்லா எடத்துலயும் சுப்புராஜ்னுதான் இருக்கு. ஆனா முதல்லேருந்து கடைசித் திருத்தம் வரைக்கும் எல்லாமே நீ செஞ்சதுன்னு அவர் சொல்றாரு. நெஜமாவே இது நீ செஞ்சதாம்மா?”

யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்க மாட்டாரா என்று அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். திரையின் ஓரத்தில் நாற்பத்தெட்டு அளவுகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவள் அவள். கதவருகே நின்ற சுப்புராஜ், சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினார்.

ஆமாம் என்றால் நாற்பத்தெட்டும் அவளுடையவை. கூடவே ஜோவின் காலும்.

திரையைப் பார்க்காமல் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“எனக்கு வரையத் தெரியாது சார், நான் பெருக்குறவ.”