மொட்டை கேம்

"பாகலேது நைனா!"

சந்தியா அப்பாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துத் தெலுங்கில்தான் அவள் எப்போதும் தீர்ப்புச் சொல்வாள். நல்லாயில்லை என்றால் நல்லாயில்லைதான், அப்பீல் கிடையாது.

ரமணாவின் முகம் தொங்கிப் போனது. "இன்னாம்மா நல்லால்ல?"

திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. வடமாலபேட்டைக்கு பஸ் பிடித்து வீடு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்காக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தான். திருமலையில் மொட்டை அடிக்கிற கேம். வந்து உட்காருகிற தலைகளை விரலால் வழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் விரலை வைத்தால், மொட்டை அடிக்கிறவருக்கே மொட்டை விழுந்துவிட்டது! பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். ரமணாவும் கூடச் சேர்ந்து உருண்டான்.

அதைச் சரி செய்ததிலிருந்து பிடித்தது சனி.

"மொட்ட போட்டா சந்தனம் பூச வோணாமா?" என்றான் சின்னவன் தமிழரசு.

பூசினான்.

"அந்தம்மா பூமுடி தானே குடுக்க வந்தாங்க? நுனியில கொஞ்சூண்டு வெட்டாம முழுசா வழிச்சிட்டியே நைனா!" என்றாள் சந்தியா.

ரமணாவுக்கே பதறிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தம்மாவுக்குக் கூந்தலைத் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது குரங்கு இல்லையாம்.

"திருமலையில கொரங்கு இல்லாம இருக்குமா?"

சமையல்கட்டிலிருந்து அவன் மனைவி சுமித்ரா கரண்டியோடு வந்தாள்.

"இன்னாடி உங்க ரோதன! கேம முழுசா முடிச்சு எடுத்துக்கினு வந்தா பெங்களூரு கம்பெனியில சேத்து வுடறேன்னு இவரு சிநேகிதர் சொல்லிக்கினே கீறாரு. இந்த மாசத்தோட ஆள் எடுக்கறத நிறுத்திடுவாங்களாம். நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"வுடு சுமித்ரா. புள்ளைங்களே நல்லால்லன்னா கம்பெனிக்காரன் எப்படி நல்லாக்கீதுன்னுவான்?" என்றான் ரமணா. ஆனாலும், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ என்று மனசுக்குள் இருந்தது.

மறுநாள் லேப்டாப்பையும் லாட்ஜுக்குத் தூக்கிப் போய், சாவி கொடுக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் குரங்கோடுதான் போராடினான். சாயங்காலம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வந்தது குரங்கு! பக்தர் கையிலிருந்த லட்டைப் பிடுங்கியது. போகிற போக்கில் சந்தனத் தலையில் டொக்கென்று ஒரு குட்டும் வைத்தது.

தமிழரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். சந்தியாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெயித்தாயிற்று என்று ரமணா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாகலேது நைனா!"

சொல்லிவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடிப்போனாள்.

இது என்ன நியாயம்? கேட்டே விடுவது என்று ரமணா பின்னாலேயே போனான். கதவுத் திரைக்குப் பின்னால் தமிழரசுவின் குரல் கேட்டது.

"கொரங்கு சூப்பர்க்கா! நைனாகிட்ட சொல்லிட்டு வரட்டா?"

"டேய், வாயத் தொறக்காத! நல்லாக்கீதுன்னு சொன்னா நைனா பெங்களூரு பூடுவாரு. அப்புறம் பண்டிகைக்குத்தான் வருவாரு."

ரமணா கேட்க வந்த நியாயத்தையே மறந்துபோனான். உள்ளேதான் சுமித்ராவும் இருக்கிறாள். இதைக் கேட்டால் பிள்ளைகளின் தோலை உரித்துவிடுவாளே என்று அவசரமாகத் திரையைப் பிடித்தான்.

அதற்குள் அவள் குரலும் கேட்டது, ரகசியமாக:

"அந்தக் கொரங்கு வயித்துல ஒரு குட்டி தொங்கிக்கினு இருக்கணும்னு கேளுங்க. அத்த செஞ்சு முடிக்கறதுக்குள்ள உங்க நைனாவுக்கு இந்த மாசம் ஓடிடும்!"