டீமேக்கரின் மூக்கு

இராமையா தொட்டியின் வாயருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். பத்தடி தள்ளி நின்றவர்களே துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"மூக்குன்னா இதுல்ல மூக்கு!" என்றான் கிஷாந்த். மாமனார் பெருமை பேச அவனுக்குச் சலிப்பதே இல்லை.

கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு இராமையாதான் டீமேக்கர். அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்று முகர்ந்து பார்த்து அவர் தலையாட்டிய பிறகுதான் அது காயவைக்கும் டிரையருக்குப் போகும். அந்த டிரையரும் இப்போது விறகில் ஓடவில்லை. மாட்டுச் சாணத்தையும் சந்தையில் மிஞ்சிய லீக்ஸ், கோவா போன்ற காய்கறிகளையும் தொட்டியில் புளிக்க வைத்து, அதில் வருகிற வாயுவிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து எரிக்கிறார்கள்.

தொட்டிக்குள் சாணம் கலக்கும் துடுப்பு இறுகிப்போய் நின்றுவிட்டது. மறுநாள் கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். தொட்டியைக் காலி செய்து மூடியைத் திறந்து வைத்தாயிற்று. இனி யாராவது இறங்க வேண்டும். விஷவாயு பார்க்கும் கருவியோ பழுதாகிக் கிடந்தது.

"சாணி நாத்தத்துக்குள்ள அழுகுன முட்டை வாசம் வந்தா, எறங்குறவன் தப்ப மாட்டான். எங்களுக்கு எல்லாம் ஒரே நாத்தமாத்தான் தெரியுது. நீங்கதான் பிரிச்சுச் சொல்லணுங்க ஐயா" என்றான் பொறியாளர் நிரோஷன். கருவி இல்லாமல் ஆளை இறக்குவது தப்பென்று அவனுக்கும் தெரியும். ஆனால் டீமேக்கரின் மூக்கைச் சந்தேகப்பட அந்தத் தோட்டத்தில் யாருக்குத் தைரியம் வரும்?

இராமையா எழுந்தார். சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் நின்றுகொண்டிருந்தார்.

"சாணி வாசந்தான். வேற ஒண்ணுமில்ல. எறங்கலாம்."

கிஷாந்த் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். "டோர்ச்ச இந்தப் பக்கமா அடிங்க மாமா" என்றது கேட்டது. அடுத்ததாகத் தொப்பென்று ஒரு சத்தம். கயிற்றை இழுத்து மேலே எடுத்தபோது அவனிடம் அசைவில்லை.

லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஓடி என்ன பயன்? டொக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

கிஷாந்தின் மனைவி பிரியந்தி சுவரோரம் சரிந்து கிடந்தாள். கல்யாணமாகித் தலைத் தீபாவளிகூட வரவில்லை. அவளுடைய அம்மா நாகலெட்சுமி, நிரோஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"மெஷினு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சே எம் மருமகன எப்புடிங்க எறக்குனீங்க? எம் புள்ள வாழ்க்கைய இப்புடி நாசம் பண்ணிட்டீங்களே!"

நிரோஷன் அழுதேவிட்டான். "சும்மா எறக்கலம்மா. ஒங்க வீட்டுக்காரரு மோந்து பாத்து, அந்த வாசம் இல்லன்னு சொன்னதுக்கப்புறந்தான் எறக்குனோம்."

நாகலெட்சுமியின் பிடி தளர்ந்தது. வாங்குப் பலகையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த கணவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"கொரோனா வந்ததுலருந்து ஒங்களுக்குத்தான் ஒரு வாசமும் தெரியாதே!"