கடைசி ரெய்டு

இண்டோர் ஸ்டேடியத்தின் குத்தகை பாக்கி பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அது போதாதென்று, யூனுஸ் தன் தகப்பனார் பெயரில் முப்பது வருஷமாக நடத்தி வந்த கபடி அணி அன்று தோற்று, முதல் டிவிஷனிலிருந்தே இறங்கிவிட்டது.

கடைசி ரெய்டில் ஒரு புள்ளி எடுத்திருந்தால் தப்பித்திருக்கும். பாடிப் போன கேப்டன் எபினேசர் யாரையும் தொடாமல் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டான்.

அன்றிரவு வீட்டு வாசலில் வந்து நின்றவனை யூனுஸின் மகள் ஹுமேரா உள்ளே விடவில்லை.

"ஏனுங்ணா, எவ்வளவு வாங்குனீங்க? எங்க ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு இப்படிப் பண்ணலாமுங்களா?"



"அவன விடு கண்ணு," என்றார் யூனுஸ். "வெளிய கால் வெக்கச் சொன்னதே நான்தான்."

"அத்தா!"

"அணி முதல் டிவிஷன்ல இருக்கற வரைக்கும் குத்தகைய முறிக்க முடியாது. இன்னும் ஆறு வருஷம் கட்டுனா இந்த ஊடும் போயிரும். இறங்கிட்டா ஒப்பந்தம் ரத்து. பாக்கிய நாம குடுத்து வெச்ச அட்வான்ஸுல கழிச்சுக்குவாங்க."

"அப்ப இவரு?"

"பாய் சொல்லித்தான் தோத்தோம்னு தெரிஞ்சா குத்தகை முறியாதுங்க அம்மணி," என்றான் எபினேசர். "வேணும்னே கால் வெச்சனான்னு கபடி சங்கத்துல இப்பவே விசாரிக்கறாங்க; பந்தயக்காரங்ககிட்ட நான் காசு வாங்கிட்டேன்னு சொல்லிப்போடறனுங்க."

சொன்னபடியே சொன்னான். சங்கம் அவனுக்கு ஆயுள் தடை போட்டது. அந்த வாரமே ஸ்டேடியத்துக்காரர் பாக்கியை அட்வான்ஸில் கழித்துக் கணக்கை முடித்தார்.