வெள்ளிக்கிழமை மாத்திரை

என்னை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, அப்படியே நின்றுவிட்டார்.

உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன என்றார். முடக்குவாதத்துக்குக் கொடுத்த மஞ்சள் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

நல்லாக் கேட்டார் போங்கள்! வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் போட்டால் உயிரையே குடித்துவிடும் என்று முதல் நாளே மிரட்டி அனுப்பியவர் அவர்தானே.

மறக்கக் கூடாதென்று ஜும்ஆ நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டவள் நான். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிகூடப் பிசகியதில்லை. மடங்கிப்போன என் விரல்கள் மறுபடி இடியாப்பம் பிழிந்தது அந்த மாத்திரையால்தான்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் அப்துல் அஹத் சிரித்தார்.

காலமெல்லாம் சவூதியில், தம்மாமில் கிடந்துவிட்டு, போன மாதம்தான் பாலக்கரை வீட்டோடு வந்து சேர்ந்த மனிதர். வந்ததிலிருந்து என்னை அடுப்பங்கரைப் பக்கம் விடுவதில்லை. காலையில் இஞ்சி டீ போடுவது அவர், மருந்துக்கடைக்குப் போவது அவர். கொடுத்து வைத்தவள் என்று பக்கத்து வீட்டு ஷஹனாஸ் வயிறெரிகிறாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவ பேச்சை நம்பாதீங்க டாக்டர். நான் அனுப்புன காசை மிச்சம் புடிக்கிறேன்னு வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு போட்டு ஏமாத்திட்டு இருந்திருக்கா. சொன்னா கேக்கமாட்டா. அதான் ரெண்டு வாரமா நானே தெனமும் டீயில பொடிச்சுப் போட்டுக் குடுத்துடுறேன்."

டாக்டரம்மா மேஜை மேலிருந்த மணியை அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை.

யா அல்லாஹ், அந்த எச்சரிக்கையை இவரிடம் நான் சொல்லவே இல்லையே! தூர தேசத்தில் கிடப்பவர் பயந்துவிடுவாரே என்று, போனில் சத்து மாத்திரை என்றல்லவா சொல்லி வைத்திருந்தேன்!

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவர் எழுந்து, டாக்டரம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க டாக்டர், ஒண்ணு பத்தலையா? ராத்திரிக்கும் ஒண்ணு சேத்துக் குடுக்கவா?"